துரைக்கண்ணுவும் சிங்காரமும் போட்ட டேண்டம்

துரைக்கண்ணு இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் சிங்காரம். நம் ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைப் படித்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துரைக்கண்ணு சாக வேண்டும் என்று இந்த உலகத்தில் யாராவது காத்திருந்தார்கள் என்றால் அது சிங்காரம் ஒருவர்தான் என்று நாம் எல்லோரும் நினைத்திருந்தோம்.

காலைக் காப்பி முடித்துப் பேப்பரை விரித்தபோது போன் வந்தது.

"சார், சிங்காரம் பேசுறேன். அவன் செத்துட்டான் சார்."

"யாருங்க?"

"வேற எவன்? துரைக்கண்ணுதான். நேத்து மண்ணச்சநல்லூர்கிட்ட லாரிக்காரன் ஏத்திட்டான். வண்டியோட சேத்து இழுத்துக்கிட்டே போயிருக்கான். நெஞ்சு நசுங்கிப்போச்சு சார். இத்தனை வருசமா நான் கொல்லணும்னு வச்சிருந்தேன். எவனோ ஊர் பேர் தெரியாத பய அடிச்சிட்டுப் போயிட்டான்."

அடுத்து எதுவோ சுவரில் மோதி உடைகிற சத்தம். கையில் இருந்ததை எறிந்திருப்பார். நான் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க வரணும் சார். என்னைத் தோள் குடுக்க விடமாட்டேங்குறாங்க. அவன் மவன் வெட்டுவேங்குறான். நீங்க வந்து சொன்னா கேப்பாங்க."

என் பேச்சை யாராவது கேட்டதாக எனக்கு நினைவில்லை. வீட்டிலும் இல்லை, கம்பெனியிலும் இல்லை. நான் பிளானிங் பிரிவில் இருந்தவன். எந்தப் பொருளை எந்தக் கிரேன் எங்கிருந்து எங்கே தூக்கிவைக்க வேண்டும் என்று தாளில் வரைந்து கொடுப்பது என் வேலை. உங்களில் பலருக்கு என் கையெழுத்து நினைவிருக்கும். குரல் நினைவிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டேன். "திருவெள்ளறையா? வெட்டு குத்து ஊருக்கு நீங்க எதுக்கு?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் தெரியாமலே ஸ்ரீரங்கத்திலிருந்து டோல்கேட் போய், அங்கே துறையூர் பஸ் ஏறினேன்.

துரைக்கண்ணுவை அறியாதவர்கள் கையிலும் இது கிடைக்கலாம். ஆகவே கொஞ்சம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் வரும்.

கைலாசபுரத்துப் பெரிய அரசாங்க ஆலையில் இடம் கிடைக்காதவர்கள் வந்து சேர்ந்த ஒரு தனியார் கம்பெனி எங்களுடையது. துவாக்குடி தாண்டி ஒரு நீண்ட ஷெட். பாய்லருக்கான டிரம்கள் செய்தோம். பார்ப்பதற்குத் தண்ணீர் லாரியின் தொட்டி போல உருண்டு நீண்டிருக்கும். ஆனால் சுவர் முழுக்கத் தடித்த இரும்பு. ஒரு கிரேனால் அதை அசைக்க முடியாது. கூரைக்கடியில் ஒரே தண்டவாளத்தில் ஓடும் இரண்டு கிரேன்கள், ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒரே வேகத்தில் தூக்கி ஒரே வேகத்தில் இறக்க வேண்டும். ஒரு முனை கொஞ்சம் அதிகம் தாழ்ந்துவிட்டால் டிரம் கட்டுக்கயிற்றுக்குள் வழுக்கத் தொடங்கும். வழுக்கத் தொடங்கியதை நிறுத்த மனிதரால் ஆகாது. இந்த இரட்டைத் தூக்கலுக்குத்தான் டேண்டம் என்று பெயர். தரையில் அந்தோணி நின்று கையாலும் விசிலாலும் சைகை கொடுப்பார். மேலே தொங்கும் கேபின்களில் இருக்கும் இருவரும் அவர் கையைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. அவர் விசில் ஊதி இரண்டு கைகளையும் விரித்தால் அந்த நொடியே நின்றுவிட வேண்டும். இவை விதிகள். எழுதியவன் நான்தான்.

ஒரு கேபினில் துரைக்கண்ணு. மற்றதில் சிங்காரம்.

இருவரும் திருவெள்ளறைக்காரர்கள், பங்காளிகள். துரைக்கண்ணு பெரியப்பா மகன், சிங்காரம் சித்தப்பா மகன். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. மோட்டார் யார் முறையில் எவ்வளவு நேரம் கூடுதலாக ஓடியது என்பதில் தொடங்கிய சண்டை, நான் அவர்களைப் பார்ப்பதற்கு முன்பே ரத்தம் பார்த்துவிட்டது. மண்வெட்டி பட்டுத் துரைக்கண்ணுவின் காதுக்கு மேலே ஒரு கீற்றில் முடி முளைக்கவில்லை. அரிவாள் பட்டுச் சிங்காரத்தின் இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. இரண்டு வீடுகளுக்கும் நல்லது கெட்டது நின்றுபோயிற்று. அதாவது ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு மற்ற வீடு போகாது, சாவுக்கும் போகாது. பங்காளி செத்தால் பங்காளி தோள் கொடுத்தே ஆக வேண்டும் என்கிற ஊரில், அதையும் வேண்டாம் என்று அறுத்துக்கொள்வது சாதாரணம் இல்லை. அவர்கள் அறுத்துக்கொண்டார்கள்.

நான் கண்ணால் கண்ட முதல் சண்டை கேன்டீனில் நடந்தது. கோடைக்காலம். கிணற்றில் தண்ணீர் இறங்கியிருந்த நேரம். சிங்காரம் சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சில பேரு முறையில தண்ணி ஊறமாட்டேங்குது. பொண்டாட்டியக் கெணத்து மேட்டுல உக்காந்து அழச் சொன்னா ரொம்பும்."

துரைக்கண்ணு எழுந்தார். சாப்பாட்டுத் தட்டைச் சோற்றோடு கவிழ்த்துவிட்டு, அதன் விளிம்பால் சிங்காரத்தின் வாயில் அடித்தார். ஒரு பல் ரசத்தில் விழுந்தது. சிங்காரம் அதை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்துக்கொண்டார். பிறகு ரத்தத்தைத் துப்பிவிட்டு மோர்ச்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் என் சோற்றைக் கொட்டிவிட்டேன். அன்று பிற்பகல் டேண்டம் இருந்தது. இருவரும் ஏணி ஏறினார்கள். அவர்கள் தூக்கிய டிரம்மின் மேல் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்திருந்தாலும் ஒரு சொட்டுச் சிந்தியிருக்காது.

விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. என்னைக் கூப்பிட்டு, "வெட்டிக்கிறவனுங்களை ஜோடி சேத்து மேல ஏத்துறீங்களே, உங்களுக்குப் புத்தி இருக்கா?" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. உயிர் நண்பர்களான வேறு இரண்டு ஆபரேட்டர்களை ஏற்றினோம். அவர்கள் மேலே இருந்தபடியே ஒருவரையொருவர் கேலி பேசிச் சிரித்துக்கொண்டு தூக்கினார்கள். டிரம் தூணில் இடித்தது. பெயர்ந்த சிமென்ட் பாளம் அந்தோணியின் தோளைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அன்று மாலை துரைக்கண்ணு என் மேஜைக்கு வந்தார். வழக்கமாக அவர் உட்காரமாட்டார், மேஜையின் மேல் கையை ஊன்றி நிற்பார்.

"சினேகிதக்காரன்னா நம்பிருவான் சார். நம்புனவன் பராக்குப் பாப்பான். நான் அந்த நாயை நம்பமாட்டேன். ஒரு கண்ணு அந்தோணி கையில இருக்கும், ஒரு கண்ணு அவன் கயித்துல இருக்கும்."

"அது விதிக்கு மாறானது, துரைக்கண்ணு."

"விதி எழுதுனவரு நீங்க. மேல வந்து உக்காந்து பாருங்க."

நான் போய் உட்காரவில்லை. மறு வாரம் பழைய ஜோடியே ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் ஷெட் முழுக்கத் தமிழில் அறிவிப்புப் பலகைகள் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சொல் கிடைத்தது. டேண்டம் மட்டும் என்னை வாட்டியது. அகராதியைப் பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிய இரண்டு குதிரைகள் என்று இருந்தது. பிறகு முன்னும் பின்னும் உட்கார்ந்து இருவர் மிதிக்கும் சைக்கிளுக்கு அந்தச் சொல் வந்திருக்கிறது. பிறகு எந்த இரண்டும் சேர்ந்து இயங்கினால் அதற்கு. எங்கள் கிரேன்களோ பூட்டாமல் தனித்தனியாக ஓடுபவை. அப்படியானால் நாங்கள் எல்லோரும் சொல்லைத் தவறாகப் பயன்படுத்துகிறோமா என்று எனக்கு ஒரு கவலை. யாரிடம் கேட்பது? ஷெட்டில் அந்தச் சொல் கண்டபடி மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினால் டேண்டம். குடித்துவிட்டு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து துவாக்குடி ரோட்டில் போகிறவர்கள் டேண்டம். அக்காவையும் தங்கையையும் கட்டிக்கொண்ட வெல்டர் ஒருவருக்கு அதுவே பட்டப்பெயர்.

நான் யோசித்து 'இணைத்தூக்கு' என்று எழுதிவைத்திருந்தேன். துரைக்கண்ணு எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"டேண்டத்துக்குத் தமிழ்."

"டேண்டம் தமிழ்தானே சார்?"

"இல்லை. இங்கிலீஷ். இதுதான் தமிழ். இணை."

"இணையா? சாமியும் அம்பாளும் ஊர்வலம் போகுமே, அந்த மாதிரியா? நானும் அவனுமா?" அவர் முகம் கறுத்தது. "இதை எழுதி மாட்டுனீங்க, பலகையைப் பேத்து அவன் மண்டையில போட்டுருவேன்."

"பின்னே என்ன எழுத?"

"அவன் உசுரு என் கையில, என் உசுரு அவன் கையில. புடிக்குதோ புடிக்கலையோ. இதுக்கு ஒரு வார்த்தை இருந்தா எழுதுங்க."

தேடினேன். கிடைக்கவில்லை. பலகையில் தமிழ் எழுத்தில் டேண்டம் என்றே எழுதினோம். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திருவெள்ளறையில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்துவிட்டது. வாசலில் பந்தல். தப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. துரைக்கண்ணுவை நெஞ்சுவரை வெள்ளைத் துணியில் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எப்போதும் போல யாரையோ அதட்டப் போகிற முகம். தலைமாட்டில் அவர் மனைவி சரோஜா உட்கார்ந்திருந்தார். நான் மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒழுங்குபடுத்திப் பார்த்தேன். முதல் வாக்கியம் வருவதற்குள் சிங்காரம் வந்துவிட்டார்.

தனியாக வந்தார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். பந்தலுக்குள் கால் வைக்கும்போதே துரைக்கண்ணுவின் மகன் பாலு எதிரே போய் நின்றான். லாரி ஷெட்டில் மெக்கானிக், அப்பனுக்குத் தப்பாத தோள்.

"யோவ், நில்லு. இன்னொரு அடி வச்சே, கால் இருக்காது."

"உன்னைக் கேட்டா வந்தேன்? எங்க பெரியப்பா மவன்டா அவன். நான் தூக்குவேன்."

"நீ தூக்குவியா? கம்பெனியில மேலேந்து இரும்பைப் போட்டு எங்கப்பாவைக் கொல்லப் பாத்தவன் நீ. ஊருக்கே தெரியும். செத்துட்டாரான்னு உறுதி பண்ணிக்க வந்தியா?"

"ஆமாடா. அதுக்குத்தான் வந்தேன். வழிய விடு."

பாடை கட்டுவதற்காகப் பச்சை மூங்கில்கள் சுவரோரம் கிடந்தன. பாலு ஒன்றை எடுத்தான். முதல் அடி நெற்றியில் விழுந்தது. தோல் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. இரண்டாவது அடி தோளில். எலும்பில் மூங்கில் மோதும் சத்தம் தப்பை மீறிக் கேட்டது. நாலு பேர் "போடுடா, போடுடா" என்றார்கள். சிங்காரம் கையைத் தூக்கவில்லை. எனக்கு அதுதான் திகிலாக இருந்தது. அவர் அடி வாங்கிப் பார்த்திருக்கிறேன். திருப்பி அடிக்காமல் நின்று பார்த்ததே இல்லை. பாலு மூன்றாவதற்கு ஓங்கினான். தலைக்குக் குறி வைத்திருந்தான். விழுந்திருந்தால் அந்த வீட்டிலிருந்து இரண்டு பிணம் போயிருக்கும்.

"அடிக்காதே! அது டேண்டம்!"

கத்தியது நான் என்று எனக்குப் புரிய நேரம் பிடித்தது. தப்பு நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாற்காலி பின்னால் கவிழ்ந்து கிடந்தது.

"யாருய்யா இந்தப் பெரியவரு?" என்று ஒருவர் கேட்டார்.

"சீரங்கத்துலேந்து வந்திருக்காரு. கம்பெனி சார்."

பாலு மூங்கிலை இறக்கவில்லை. "என்ன சார்? டேண்டம்னா என்ன?"

நான் ஆரம்பித்தேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. "அது ஓர் ஆங்கிலச் சொல். முதலில் இரண்டு குதிரைகளை ஒன்றன்பின் ஒன்றாக..." என்றேன்.

"பொணத்தைப் போட்டுக்கிட்டுக் குதிரைக் கதையா சொல்றே?" என்று யாரோ சீறினார்கள். ஒரு கை என் சட்டையைப் பிடித்தது. சரோஜா நிமிர்ந்து, "விடுங்க அவரை. சொல்லட்டும்" என்றார். பிறகு நான் குதிரையை விட்டுவிட்டேன். பாலு சொன்ன அந்த இரும்பு விழுந்த நாளைச் சொன்னேன். அங்கே திக்கித் திணறிச் சொன்னதை இங்கே கோர்த்து எழுதுகிறேன். உங்களில் சிலர் அன்று கீழே நின்றவர்கள். பிழை இருந்தால் திருத்துங்கள்.

அதற்கு முந்தைய நாள் துரைக்கண்ணு முறையில் சிங்காரம் மோட்டார் ஒயரை அறுத்துவிட்டார். விடிந்ததும் துரைக்கண்ணு அரிவாளோடு இறங்கி, சிங்காரத்தின் குலை தள்ளிய வாழைகளை ஒரு வரிசை முழுக்க வெட்டிச் சாய்த்துவிட்டு, குளித்து, வேலைக்கு வந்தார். கேட்டில் எல்லோர் முன்னாலும் சிங்காரம் சொன்னார்: "ஏறுடா மேல. இன்னைக்கு நீ கீழ இறங்கமாட்டே." தூக்கலைத் தள்ளிவைக்கலாமா என்று நான் மேனேஜரிடம் கேட்டேன். டிரெய்லர் வந்து நிற்கிறது என்று பதில் வந்தது. ஏறினார்கள்.

டிரம் இரண்டு ஆள் உயரத்துக்கு எழுந்ததும் சிங்காரத்தின் முனை கீழே போகத் தொடங்கியது. மெதுவாக இல்லை. கயிறு உருளையிலிருந்து உரிந்துகொண்டு ஓடியது. அந்தோணி விசிலை ஊதிக் கைகளை விரித்தார். விதிப்படி துரைக்கண்ணு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள். டிரம் சாய்ந்து, வழுக்கி, சிங்காரத்தின் பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். அறுந்த கம்பிக்கயிறு சுழன்று சிங்காரத்தைக் கேபினோடு அறுத்திருக்கும். துரைக்கண்ணு நிறுத்தவில்லை. விசிலை மீறி, தன் முனையையும் இறக்கினார். அந்தப் பக்கம் எந்த வேகத்தில் விழுந்ததோ அதே வேகத்தில். டிரம் படுத்தபடியே வந்து கட்டைகளின் மேல் மோதியது. தரை அதிர்ந்தது. கட்டைச் சிராய் தெறித்து கீழே கயிறு கட்டும் கலாசி ஒருவரின் தொடையில் ஏறியது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சிங்காரம் ஏணியில் பாதி இறங்குவதற்குள் துரைக்கண்ணு கீழே வந்துவிட்டார். காலைப் பிடித்து இழுத்துப் போட்டார். சட்டையைப் பிடித்துத் தூக்கி, டிரம்மின் இரும்பில் முகத்தை மோதினார். "ஏண்டா விட்டே? ஏண்டா விட்டே?"

"நான் விடலடா!"

"பொய் சொல்லாதடா!" இன்னொரு மோதல். சிங்காரம் கையில் கிடைத்த ஸ்பானரால் துரைக்கண்ணுவின் விலாவில் குத்தினார். விலா எலும்பு உடைந்தது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் மேலே ஏறிய எலெக்ட்ரீஷியன் அங்கிருந்தே கத்தினார்: "பிரேக் கருகிப்போச்சு! அவன் ஒண்ணும் பண்ணல! பிரேக்கு!"

துரைக்கண்ணுவின் கை அந்தரத்தில் நின்றது. அவர் மேலே பார்த்தார், சிங்காரத்தைப் பார்த்தார். ஓங்கிய கையை வீணாக்க மனமில்லாமல் இன்னும் ஒன்று போட்டுவிட்டு விட்டார்.

முதலுதவி அறையில் அவர் விலாவுக்குக் கட்டுப் போடும்போது நான் கேட்டேன்: "விசில் வந்தும் ஏன் இறக்கினீர்கள்? பிரேக் போய்விட்டது என்று தெரிந்துவிட்டதா?"

"எங்க சார் தெரிஞ்சது? சொன்ன மாதிரியே விடுறான்னு நெனச்சேன். தானும் சேந்து சாகத் துணிஞ்சிட்டான்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன்?"

எரிச்சலோடு என்னைப் பார்த்தார். "அவன் விட்டா விடட்டும். நான் எப்படி சார் விடுறது?"

பந்தலில் இதைச் சொல்லி முடித்துப் பாலுவின் பக்கம் திரும்பினேன். "தம்பி, நீங்கள் கேட்ட சொல்லுக்கு எனக்குத் தெரிந்தவரை அர்த்தம் இதுதான். நான் தவறாகவும் இருக்கலாம்" என்றேன்.

சரோஜா சிங்காரத்தைப் பார்த்துக் கேட்டார். "நீ அவரைக் கொல்லப் பாத்தேன்னுதானே எங்ககிட்ட சொன்னாரு?"

சிங்காரம் புறங்கையால் கண்ணில் இருந்த ரத்தத்தை வழித்தார். "அடிதடின்னு அவனை சஸ்பெண்டு பண்ணி வீட்டுல உக்கார வச்சாங்கள்ல அண்ணி? ஏன்னு நீங்க கேட்டிருப்பீங்க. என்னத்தைச் சொல்லுவான்? என்னைக் காப்பாத்திட்டு என்னையே அடிச்சேன்னா? சிரிக்கமாட்டீங்க?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"நானா? கெஞ்சுற மாதிரி இருக்காது?"

சரோஜா எழுந்தார். பெண்கள் பிடிக்கப் போனார்கள். உதறிவிட்டு வந்து சிங்காரத்தின் கன்னத்தில் அறைந்தார். பந்தல் கடைசி வரை கேட்ட அறை.

"ரெண்டு பேரும் வாயைத் தைச்சுக்கிட்டு, பாதி ஆயுசு எங்களை வாசப்படி தாண்ட விடாம வச்சிருந்தீங்களேடா. அதுக்கு."

"இன்னொண்ணு போடுங்க அண்ணி."

போட்டார். "இது அவருக்கு. அவரை இனிமே அடிக்க முடியாது. நீதான் வாங்கணும்." கை அப்படியே சிங்காரத்தின் சட்டையைப் பிடித்துக்கொண்டது. நெற்றியை அவர் தோளில் முட்டினார். மூங்கில் பட்ட தோள். சிங்காரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு சரோஜா மகன் பக்கம் திரும்பி, "அந்த மூங்கிலைக் கொண்டுபோய்ப் பாடையில கட்டுடா. சித்தப்பாவுக்கு இடம் விடு" என்றார்.

பாலு மூங்கிலைப் பார்த்தான். நுனியில் ரத்தம் இருந்தது. துடைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தான் போல. துடைக்காமல் கட்டினான்.

தூக்கும்போது சிங்காரத்துக்கு வலது தோள் எழவில்லை. இடது தோளுக்கு மாற்றிக்கொண்டார். யார் தாங்கலாகப் பிடிக்க வந்தாலும் வைதார். நெற்றி ரத்தம் புதுத்துணியில் சொட்டியது. தெரு நெடுக அவர் வாய் ஓயவில்லை. "என் முறைத் தண்ணியில வெளஞ்சதைத் தின்னு தின்னு எப்படிக் கனக்குறான் பாரு. நாயே, நிமிந்து படுடா. கூப்பிட்டா எந்திரிச்சு வந்து அடிக்க மாட்டே? வாடா." தப்படித்தவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பையன்கள் சிலர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாலு மறுபக்கத்துத் தோளில் இருந்தான். ஓரிடத்தில் பள்ளம் வந்தது. சிங்காரம் "டேய், உன் பக்கம் எறங்குது, ஏத்திப் புடி" என்று அதட்டினார். அவன் ஏற்றிப் பிடித்தான்.

நான் சுடுகாடு வரை நடந்தேன். மாலையில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, மனைவி கேட்டதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் குரல் வரவில்லை என்று தெரிந்தது.

அன்றிலிருந்து தொண்டை கட்டியிருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு முறையும் கத்தியதில்லை, அதனால் பழக்கமில்லாத தொண்டை ஒரே கத்தலில் கிழிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மனைவி வேளைக்கு வேளை டம்ளரைக் கொண்டுவந்து வைக்கிறாள். நான் அவள் பார்க்காதபோது அதைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறேன். துரைக்கண்ணுவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தக் கரகரப்பு ஒன்றுதான். ஆறும்போது ஆறட்டும்.